ஹேரா ஃபேரியும் ஃபிர் ஹேரா ஃபேரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களைப் பற்றிய பக்கம் இது?

2000 மார்ச்சில் வெளியான இந்தி நகைச்சுவைப் படம் ‘ஹேரா ஃபேரி’. பிரியதர்ஷன் இயக்கியது. 2006 ஜூனில் அதன் இரண்டாம் பாகம் ‘ஃபிர் ஹேரா ஃபேரி’ வந்தது. அதை எழுதி இயக்கியவர் நீரஜ் வோரா. ராஜுவாக அக்ஷய் குமார், ஷ்யாமாக சுனில் ஷெட்டி, பாபுராவாக பரேஷ் ராவல் என்று மூவரும் இரண்டிலும் இருக்கிறார்கள். ‘எது நல்ல படம், ஏன்?’ என்ற கேள்வி இந்தி தெரிந்த தமிழர்களிடையேகூட ஓயாமல் வருகிறது. ‘சிறைச்சாலை’யையும் ‘காஞ்சிவர’த்தையும் தந்த பிரியதர்ஷன் நமக்கு அந்நியர் இல்லை என்பது ஒரு காரணம். இந்தக் கதையே தமிழில் ஒருமுறை வந்திருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

முதல் படத்தின் கதை என்ன?

மும்பையில் பழுதடைந்து கிடக்கும் ஒரு கார் பட்டறை. அதன் சொந்தக்காரர் பாபுராவ் கணபத்ராவ் ஆப்டே. தடித்த கண்ணாடி, வேட்டி, போதை, ஓயாத முனகல். அவர் வீட்டில் வாடகை பாக்கியோடு இருப்பவன் ராஜு. தாய் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். தனக்கு நல்ல வேலை இருப்பதாகவும் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும் அவளிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறான். அங்கே வந்து சேர்கிறான் ஷ்யாம். அவனுடைய அப்பா வங்கியில் நேர்ந்த தீவிபத்தில் இறந்தவர். அதற்கு ஈடாக வர வேண்டிய வேலை அனுராதா என்ற பெண்ணுக்குப் போய்விட்டது. அவன் வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்டு ஊரிலிருந்து கடக் சிங் வேறு துரத்துகிறான்.

மூவருக்கும் பணம் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில், தொலைபேசிப் புத்தகத்தில் நேர்ந்த ஒரு பிழையால், பணக்காரர் ஒருவருக்குப் போக வேண்டிய மிரட்டல் அழைப்பு பாபுராவின் பட்டறைக்கு வருகிறது. அந்தப் பணக்காரரின் பேத்தியைக் கடத்தியவன் பேசுகிறான். மூவரும் நடுவில் நின்று, அவன் கேட்டதைப் போல இரு மடங்கைப் பணக்காரரிடம் கேட்டு, மீதியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளத் திட்டமிடுகிறார்கள்.

இந்தத் தவறான அழைப்பு திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. ‘ஸ்டார் ஃபிஷரீஸ்’ என்ற மீன் நிறுவனத்தின் எண்ணும் ‘ஸ்டார் கராஜ்’ என்ற பட்டறையின் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருப்பதால், யார் யாரோ மீன் நிறுவனத்தைக் கேட்டு பாபுராவை அழைப்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே பார்த்துச் சிரித்துவிடுகிறோம். சிரித்துவிட்டு மறந்தும்விடுகிறோம். பிறகு அதே வேடிக்கைதான் கதையின் அச்சாகிறது. நகைச்சுவைத் திரைக்கதை எழுத நினைக்கும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

இது மலையாளக் கதைதானே?

ஆம். 1989-இல் சித்திக்–லால் இரட்டையர் இயக்கிய முதல் படமான ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’தான் மூலம். இன்னொசென்ட், முகேஷ், சாய்குமார் மூவரும் நடித்தார்கள். அங்கே பட்டறைக்குப் பதிலாக நொடித்துப்போன ஒரு நாடகக் கம்பெனி. அதன் முதலாளி மன்னார் மத்தாயி. படித்துவிட்டு வேலையில்லாமல் காத்திருந்த 1980-களின் கேரள இளைஞர்களுடைய வாழ்க்கையை அந்தப் படம் ஒரு பிரசங்கமும் செய்யாமல் சொல்லிவிட்டது. அதன் இயக்குநர்களில் ஒருவரான சித்திக்தான் பின்னாளில் தமிழில் ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘காவலன்’ படங்களை இயக்கினார். 2023-இல் மார்ச்சில் இன்னொசென்டும் ஆகஸ்டில் சித்திக்கும் மறைந்தார்கள். மலையாள நகைச்சுவைக்கு அது மிகவும் கனத்த ஆண்டு.

தமிழில் வந்தது எது?

1990-இல் வந்த ‘அரங்கேற்ற வேளை’. பிரபு, ரேவதி, வி.கே.ராமசாமி நடித்தார்கள், இசை இளையராஜா. ‘ஆகாய வெண்ணிலாவே’ பாட்டைச் சொன்னால் பலருக்கு உடனே நினைவு வரும். இயக்கியவர் ஃபாசில். சித்திக்கும் லாலும் அவரிடம் உதவி இயக்குநர்களாக இருந்தவர்கள். மலையாள மூலத்தின் தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. சீடர்களின் கதையைக் குரு எடுத்து இயக்கினார்.

தமிழில் செய்த மாற்றம் துணிச்சலானது. மூவரும் ஆண்கள் என்ற அமைப்பை மாற்றி, அதில் ஒருவராக ரேவதியைக் கொண்டுவந்தார்கள். குறும்பும் பொய்யும் துள்ளலுமாக அவர் செய்ததைப் பார்த்தால், நம் கதாநாயகிகளுக்கு இப்படிப்பட்ட நகைச்சுவை வேடங்கள் ஏன் தொடர்ந்து கிடைக்கவில்லை என்ற வருத்தம் வரும். வி.கே.ராமசாமியின் புலம்பலும் பரேஷ் ராவலின் முனகலும் ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு கிளைகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனிச் சுகம்.

இரண்டாம் பாகத்தின் கதை என்ன?

மூவரும் இப்போது பணக்காரர்கள், மாளிகையில் வாழ்கிறார்கள். போட்ட பணம் சில நாட்களில் இரட்டிப்பாகும் என்று சொல்லும் ஒரு சிட் ஃபண்டில் ராஜு மயங்குகிறான். மற்ற இருவரையும் பேசி மசியவைத்து, பங்களாவை விற்று, போதாததற்குப் பப்பு என்ற அப்பாவியையும் இழுத்துப் பணம் போடுகிறான். நிறுவனம் ஒரே இரவில் காணாமல் போகிறது. பப்பு கடன் வாங்கிய ரௌடி திவாரி இப்போது இவர்களைத் துரத்துகிறான். பக்கத்தில் குடியிருக்கும் ஒரு கும்பல் போடும் கொள்ளைத் திட்டத்தை ஒட்டுக்கேட்டு, கொள்ளையரிடமே கொள்ளையடிக்கிறார்கள். அங்கிருந்து போதைப்பொருள், பழங்காலத் துப்பாக்கிகள், சர்க்கஸ் என்று கதை ஓடுகிறது.

ஒட்டுக்கேட்டுக் கொள்ளையடிப்பதும் விலைமதிப்பு தெரியாத துப்பாக்கிகளும் 1998-இல் வந்த ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்திலிருந்து வந்தவை. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் பாதி முழுவதும் தெரிந்த வழியாகவே இருக்கும்.

எதில் சிரிப்பு அதிகம்?

எண்ணிப் பார்த்தால் இரண்டாம் பாகத்தில்தான். இதைச் சொன்னால் முதல் படத்தின் ரசிகர்கள் கோபப்படுவார்கள், ஆனால் உண்மை அதுதான். ராஜ்பால் யாதவ், ஜானி லீவர், மனோஜ் ஜோஷி என்று காட்சிக்குக் காட்சி ஒரு நகைச்சுவை நடிகர் வந்து நிற்கிறார். இன்று கைப்பேசிகளில் சுற்றும் துணுக்குகளில் பெரும்பங்கு இந்தப் படத்தின் வசனங்கள். தனித்தனிக் காட்சிகளாக எடுத்துப் பார்த்தால் சிட் ஃபண்ட் பகுதி அருமையானது. ராஜு தன் திட்டத்தை விளக்கும்போது அக்ஷய் குமாரின் முகத்தில் தெரியும் அந்தக் குழந்தைத்தனமான நம்பிக்கையை முதல் படத்தில்கூட அவர் அவ்வளவு தெளிவாகக் கொண்டுவரவில்லை.

அப்படியானால் முதல் படம் ஏன் சிறந்தது என்கிறார்கள்?

முதல் படத்தில் மூவருக்கும் பணம் தேவை. இரண்டாம் பாகத்தில் அவர்களுக்குப் பணம் வேண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல. என் கணிப்பில் எல்லா வேறுபாடும் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

முதல் படத்தில் யார் என்ன பித்தலாட்டம் செய்தாலும் அதன் பின்னால் ஒரு வயிறோ ஒரு மானமோ இருக்கிறது. ராஜு ஏமாற்றுக்காரன்தான், ஆனால் தாயைப் பார்க்கப் போகும்போது சட்டையை ஒழுங்குபடுத்திக்கொண்டு பெரிய உத்தியோகஸ்தனைப்போல நிற்பவன் அவன். ஷ்யாமின் கோபம் நியாயமானது, உரிய வேலை பறிபோயிருக்கிறது. சரி, வேலையைப் பறித்த அனுராதாவைத் திட்டிவிடலாம் என்று பார்த்தால், அவள் வீட்டு நிலைமை அதைவிட மோசம். கடன் கேட்டுத் துரத்தும் கடக் சிங்கைக்கூட வெறுக்க முடியவில்லை. அவன் கேட்பது தன் பணத்தைத்தானே. வில்லன் கூட்டத்தைத் தவிர எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இத்தனை நியாயங்கள் ஒரு சின்ன வீட்டுக்குள் முட்டிக்கொள்ளும்போது வரும் சிரிப்பு, சிரித்து முடித்த பிறகும் நெஞ்சில் கொஞ்சம் கனக்கிறது.

இரண்டாம் பாகம் தொடங்கும்போதே இரண்டு சாவுகளைச் சொல்லிவிடுகிறது. ராஜுவின் தாய் இறந்துவிட்டாள். அனுராதா கார் விபத்தில் இறந்துவிட்டாள். கதையைப் புதிதாகத் தொடங்க வசதியாக இருக்கட்டும் என்று இரண்டே வாக்கியங்களில் துடைத்துவிட்டார்கள். ஆனால் முதல் படத்தின் பித்தலாட்டங்களுக்கு மன்னிப்பு வாங்கித் தந்தவர்கள் அந்த இரண்டு பெண்கள்தாம். அவர்கள் போனபின் ராஜு யாருக்காகப் பொய் சொல்கிறான்? மாளிகை போதாமல் இன்னும் பெரிய மாளிகைக்காக. ராஜ்பால் யாதவின் பப்பு ஏமாறும்போது நாம் சிரிக்கிறோம், ஆனால் ஏமாற்றியவன் மேல் நமக்குப் பாசம் வருவதில்லை. முதல் படத்தில் ராஜு பாபுராவையும் ஷ்யாமையும் மாறிமாறி மூட்டிவிடும்போது வந்த பாசம் அது.

மூவரும் மறுபடி தெருவுக்கு வந்த பிறகு படம் இன்னும் நன்றாகியிருக்க வேண்டும், தேவை திரும்பி வந்துவிட்டதல்லவா. ஆனால் இப்போது அவர்களை ஓட்டுவது ரௌடியின் பயம் மட்டும். பயத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர்களோடு சேர்ந்து கவலைப்படுவது கடினம்.

பாபுராவ் இரண்டிலும் ஒரே ஆள்தானா?

உடை, கண்ணாடி, குரல் எல்லாம் அதே. ஆள் கொஞ்சம் மாறிவிட்டார்.

முதல் படத்தின் பாபுராவ் எரிச்சல்காரர், ஆனால் முட்டாள் அல்ல. வாடகை வராது என்று தெரியும், ராஜு பொய் சொல்கிறான் என்று தெரியும், தெரிந்தும் அவனை வீட்டைவிட்டுத் துரத்த மனம் வராது. பரேஷ் ராவல் அந்தத் தனிமையை ஒரு வசனமும் இல்லாமல் கொண்டுவருகிறார். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் விதம், கடவுளைக் கூப்பிட்டுப் புலம்பும் விதம், சண்டை போடும் இரண்டு பையன்களுக்கு நடுவில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் விதம். சிறந்த நகைச்சுவை நடிப்புக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. அதைவிடப் பெரிய விருதை அந்த ஆண்டு உருவாக்கியிருந்தாலும் தகும்.

இரண்டாம் பாகத்தில் மக்கள் பாபுராவை நேசிக்கிறார்கள் என்பது படக்குழுவுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு காட்சியிலும் அவர் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டியிருக்கிறது. குழப்பம் மடத்தனமாகிவிட்டது. பரேஷ் ராவலே பிற்கால நேர்காணல்களில், இரண்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் அளவுக்கு மீறித் திணித்துவிட்டார்கள் என்ற பொருளில் குறை சொல்லியிருக்கிறார். நடித்தவரே சொன்னால் நாம் தயங்க வேண்டியதில்லை.

இயக்குநர் மாறியதுதான் காரணமா?

ஓரளவுக்கு மட்டும். நீரஜ் வோரா வெளியாள் அல்ல, முதல் படத்தின் வசனங்களை எழுதியவரே அவர்தான். பாபுராவின் பேச்சு அவருடைய காதில் பிறந்தது. ஆகவேதான் இரண்டாம் பாகத்தில் பேச்சு இவ்வளவு உயிரோடு இருக்கிறது.

இல்லாமல் போனது பிரியதர்ஷனின் இடஞ்சார்ந்த கட்டுப்பாடு. முதல் படத்தின் நல்ல காட்சிகளில் பெரும்பாலானவை ஒரே வீட்டுக்குள் நடக்கின்றன. ஒரு தொலைபேசி, ஒரு வாசல், ஒரு மேசை. யார் உள்ளே வருகிறார்கள், யார் ஒளிகிறார்கள், தொலைபேசியை முதலில் எடுப்பது யார் என்பதிலேயே சிரிப்பு பிறக்கிறது. இது நாடக மேடையின் சூத்திரம். மூலக்கதையில் நாடகக் கம்பெனி இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் பாகம் மாளிகை, குடியிருப்பு, தாதாக்களின் வீடுகள், சர்க்கஸ் கூடாரம் என்று பரந்துகொண்டே போகிறது. இடம் பெருகப் பெருகச் சிரிப்பின் அழுத்தம் குறைகிறது. உச்சக்கட்டத்தில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே ஒரு கட்டத்தில் புரிவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் படத்துக்குப் பின்னால் ஒரு மலையாளப் படமும் ஒரு தமிழ்ப் படமும் இருந்தன. எந்தக் காட்சி எடுபடும், எங்கே கண் கலங்கும் என்பது முன்பே தெரிந்த கதை அது. நீரஜ் வோராவுக்கு அந்த வசதி இல்லை. புதுக் கதை ஒன்றைப் பழைய பாத்திரங்களுக்குத் தைக்க வேண்டியிருந்தது.

பாட்டுகள்?

முதல் படத்துக்கு அனு மாலிக், இரண்டாம் பாகத்துக்கு ஹிமேஷ் ரேஷமியா. இரண்டிலும் பாட்டு வரும்போது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

மலையாளத்திலும் இரண்டாம் பாகம் வந்ததாமே?

வந்தது. 1995-இல் ‘மன்னார் மத்தாயி ஸ்பீக்கிங்’. எழுதியவர்கள் சித்திக்–லால். இயக்குநர் என்று திரையில் வரும் பெயர் தயாரிப்பாளர் மாணி சி. காப்பனுடையது. இரட்டையர் பிரிந்துபோன காலம் அது.

ஒரே கதைக்கு இரண்டு மொழிகளில் இரண்டு வெவ்வேறு இரண்டாம் பாகங்கள் கிடைத்திருப்பதால், ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. மலையாளத்தவர்கள் மூவரையும் பணக்காரர்கள் ஆக்கவில்லை. நாடகக் கம்பெனி இன்னும் நாடகக் கம்பெனிதான், இன்னும் நடிகைக்குத் திண்டாட்டம்தான். அங்கே வந்து சேரும் ஒரு மர்மப் பெண்ணைச் சுற்றிக் கதை சஸ்பென்ஸாக மாறுகிறது. அதில் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வின் சாயல் வெளிப்படையாகவே இருக்கிறது. அதாவது இந்த இரண்டாம் பாகமும் வெளிநாட்டுச் சரக்கைத் தொட்டுக்கொண்டதுதான். ஆனாலும் ஒட்டுகிறது, ஏனென்றால் மூவரின் நிலைமையை மாற்றாமல் அவர்கள் வீட்டுக்கு வரும் தொல்லையை மட்டும் மாற்றினார்கள். கர்வாசிஸ் ஆசானாக ஜனார்த்தனன் வரும் காட்சிகள் முதல் படத்துக்கு ஈடானவை.

இதன் இந்தி வடிவத்தைப் பிரியதர்ஷனே இயக்கினார் என்பது பலருக்கும் தெரியாது. ‘பாகம் பாக்’ என்ற பெயரில், 2006 டிசம்பரில் வந்தது. அக்ஷய் குமாரும் பரேஷ் ராவலும் அதிலும் இருக்கிறார்கள், சுனில் ஷெட்டியின் இடத்தில் கோவிந்தா. ஆக, 2006 என்ற ஒரே ஆண்டில் இந்தி ரசிகர்களுக்கு ஜூனில் பெயரளவில் ஓர் இரண்டாம் பாகமும், டிசம்பரில் கதையளவில் ஓர் இரண்டாம் பாகமும் கிடைத்தன. லண்டனுக்குப் போய் ஆடம்பரமாக எடுத்ததால் ‘பாகம் பாக்’ மூலத்தின் எளிமையை இழந்தது என்பது என் எண்ணம்.

தபு இல்லாதது பெரிய குறையா?

ஆம். முதல் படத்தில் அனுராதாவாக நடித்த அவருக்குக் காட்சிகள் குறைவு. ஆனால் அந்த வீட்டுக்கு வெளியேயும் கஷ்டம் இருக்கிறது என்று காட்டுபவர் அவர்தான். இரண்டாம் பாகத்தில் பிபாஷா பாசுவின் பாத்திரத்துக்கும் அனுராதா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் ரிமி சென்னும் கதையை நகர்த்தவும் பாட்டுக்கு ஆடவும் பயன்படுகிறார்கள். ‘அரங்கேற்ற வேளை’யில் ரேவதி செய்ததை நினைத்துப் பார்த்தால், தவறவிட்டது எவ்வளவு என்பது புரியும்.

இரண்டாம் பாகம் ஏன் பாதியில் நின்றதுபோல முடிகிறது?

முடிவு தெரிய விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

துப்பாக்கிகளை ஒழித்துவிடலாம் என்று ராஜு பாலத்தின் மேல் நின்று அவற்றைத் தண்ணீரில் போடப் போகிறான். அவற்றின் விலை கோடிகளில் என்று தெரிந்த மற்ற இருவரும் பதறிப்போய் அவனை அழைக்கிறார்கள். கைப்பேசி அவன் வாயில். படம் அங்கே முடிகிறது. இதுவும் அந்தப் பிரிட்டிஷ் படத்தின் முடிவுதான். ஆனாலும் இந்தக் கதைக்கு இது பொருந்தியதுபோல அங்கே பொருந்தவில்லை. முதல் படம் தவறாக வந்த ஓர் அழைப்பால் தொடங்கியது, இரண்டாவது எடுக்கப்படாத ஓர் அழைப்போடு முடிகிறது. படம் முழுவதும் இந்த நேர்த்தி இருந்திருக்கலாகாதா என்று ஏங்கவைக்கும் கடைசி நிமிடங்கள் அவை.

மூன்றாம் பாகம் வருமா?

நீரஜ் வோராதான் முதலில் அதைச் செய்யவிருந்தார். 2016-இல் கோமாவில் விழுந்த அவர், 2017 டிசம்பரில் காலமானார். ‘ஃபிர் ஹேரா ஃபேரி’யின் தயாரிப்பாளர் ஃபிரோஸ் நாடியாட்வாலா அவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். 2025-இல் பிரியதர்ஷன் இயக்குவார் என்ற செய்தி வந்தது. அந்த மே மாதம் பரேஷ் ராவல் விலகினார், பிறகு திரும்பி வருவதாக அவரே உறுதி செய்தார். பாபுராவ் இல்லாமல் இதை எடுக்கவே கூடாது என்று ரசிகர்கள் கொதித்ததில் எனக்கு முழு உடன்பாடு.

எடுக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்பேன். மூவரையும் தொடக்கத்திலேயே கடனாளியாக, வயதானவர்களாக, உண்மையான கவலையோடு காட்டுங்கள்.

முதல் பாகம் பார்க்காமல் இரண்டாவதைப் பார்க்கலாமா?

கதை புரியும். பாபுராவ் மேல் பாசம் வராது. முதலாவதைப் பார்த்துவிடுங்கள்.

இந்தி தெரியாதவர்கள் எப்படித் தொடங்கலாம்?

‘அரங்கேற்ற வேளை’யிலிருந்து. கதையின் எலும்புக்கூடு மனத்தில் பதிந்த பிறகு ‘ஹேரா ஃபேரி’யைத் துணைத்தலைப்புகளோடு பாருங்கள், பாதிச் சிரிப்பு உடல்மொழியிலேயே கிடைத்துவிடும். மலையாளம் ஓரளவு காதுக்குப் பழகியவர்கள் ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’கையும் ‘மன்னார் மத்தாயி ஸ்பீக்கிங்’கையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்க்கலாம். ‘ஃபிர் ஹேரா ஃபேரி’யைக் கடைசிக்கு வையுங்கள், நண்பர்கள் நாலு பேர் கூடியிருக்கும்போது. தனியாகப் பார்க்கும்போது கண்ணில் படும் ஓட்டைகள் கூட்டத்தில் படாது.